மூன்றாவது முடி

நாற்பது நாளாகப் பூட்டிக் கிடந்த 412ஆம் அறையைத் திறக்க நான் போனது ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டே காலுக்கு. பேய் என்றால் நடுச்சாமம், நாய் ஊளை என்று எதிர்பார்த்துப் படிக்க உட்கார்ந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு நடந்ததில் முக்கால்வாசி பகல் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நடுவில் நடந்தது. பழைய விருந்தாளி அறையைக் காலி செய்து, புது விருந்தாளி இன்னும் வந்து சேராத நேரம் அது. ஓட்டலில் அறைகள் தனியாக இருப்பது அந்த இரண்டு மணி நேரம்தான்.

ஓட்டலின் பெயரைச் சொல்லப் போவதில்லை. தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டே நடந்து வந்துவிடலாம், ஏழு மாடி, அவ்வளவு போதும். என் பெயர் கிருஷ்ணவேணி. இருபத்துநாலு வருஷம் அங்கே ஹவுஸ்கீப்பிங் பார்த்தேன். கடைசி ஒன்பது வருஷம் அந்தப் பிரிவுக்கே நான்தான் தலைமை. வலியசாலை அக்ரஹாரத்தில் பிறந்து வளர்ந்தவள் என்பதால், சுத்தம் எனக்கு வேலைக்குப் போய்க் கற்றுக்கொண்ட விஷயம் இல்லை. பணியாளர்கள் என் முதுகுக்குப் பின்னால் என்னை 'மூக்கு' என்று கூப்பிடுவார்கள். அதில் எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

அன்றைக்கு என்னோடு ஷைஜு வந்தான். எனக்குக் கீழே பதினைந்து வருஷமாக அறை சுத்தம் செய்கிறவன். அவன் வாசலோடு நின்றுகொண்டான். நான் சாவிக் கார்டைக் காட்டிக் கதவைத் திறந்து, உள்ளே சுவரில் இருக்கும் சின்னப் பெட்டியில் அதே கார்டைச் செருகினேன். அந்தப் பெட்டியில் கார்டு இருந்தால்தான் அறைக்குக் கரண்ட் வரும். விளக்குகள் எரிந்தன, ஏசி உறுமியது, எல்லாம் வழக்கம்போல.

நாற்பது நாள் அடைத்துக் கிடந்த அறைக்கு ஒரு புழுக்க நாற்றம் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம், மெத்தையே பூஞ்சை பிடித்துவிடும். நான் மூச்சை இழுத்து முகர்ந்தேன். ஒன்றுமே இல்லை. மேஜையின் மேல் விரலை இழுத்துப் பார்த்தேன். ஜன்னல் கம்பியில், டிவியின் பின்னால், கட்டிலின் தலைமாட்டில் எங்கேயும் விரலில் தூசி ஒட்டவில்லை. யாராவது வந்து துடைத்தார்களா என்று ஷைஜுவைக் கேட்டேன். கார்டு உங்களிடம்தானே இருக்கிறது என்றான். அது உண்மை. அந்தக் கார்டு நாற்பது நாளாக என் கைப்பையில்தான் இருந்தது.

சரி, நல்லதாகப் போயிற்று, வேலை மிச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஜன்னல் திரையை இழுத்து மூடினேன். பெட்டியிலிருந்து கார்டை உருவினேன். உருவி அரை நிமிஷம் கழித்துத்தான் கரண்ட் நிற்கும். விருந்தாளி இருட்டில் தடுமாறாமல் வெளியேறுவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நான் வாசலை அடைந்தபோது ஏசி அடங்கி, அறை இருண்டது.

குளியலறைக் கதவுக்கு அடியில் வெளிச்சம் இருந்தது.

வெள்ளை வெளிச்சம். கைபேசி டார்ச்சுடைய வெளிச்சம்.

அது நிலையாக இல்லை. தரையை ஒட்டி, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகப் போனது. ஓரிடத்தில் நின்றது. திரும்பி வந்தது. முட்டி போட்டுக்கொண்டு தரையில் எதையோ தேடுகிற ஒருவர் கையில் டார்ச் எப்படி நகருமோ அப்படி நகர்ந்தது.

நான் திரும்பினேன். ஷைஜு அதற்குள் லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான்.

அந்தக் குளியலறையில் என்ன தேடல் நடந்தது என்பதை இப்போது சொல்லிவிட வேண்டும். அதைத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான்.

விருந்தாளிகளைப் பற்றி ஒரு விஷயம். குழாய் ஒழுகினால் பொறுப்பார்கள், காப்பி ஆறிப் போனால் முணுமுணுப்பார்கள், ஆனால் குளியலறைத் தரையில் அடுத்தவர் முடி ஒன்று கிடந்தால் மன்னிக்க மாட்டார்கள். ஒரே ஒரு முடிக்காக ராத்திரியோடு ராத்திரியாக அறையைக் காலி செய்துகொண்டு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் ஹவுஸ்கீப்பிங்கில் ஒரு பழைய வழக்கம் உண்டு. அறையை ஒழுங்காகச் சுத்தம் செய்கிறார்களா என்று பார்க்க மேற்பார்வையாளரே கட்டிலுக்கு அடியில் ஒரு தீக்குச்சியையோ, திரைக்குப் பின்னால் ஒரு நூலையோ போட்டு வைப்பார். பணியாளர் அதை எடுத்திருந்தால் பாஸ். நான் ஒரு படி மேலே போனேன். என் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிக் குளியலறையில் போட்டு வைப்பேன். எனக்கு இடுப்பு வரை முடி, அடியில் மருதாணிச் சிவப்பு, வேர்ப்பக்கம் நரை. போடுகிறது நான்தான் என்று யாருக்கும் சொன்னதில்லை.

எலிசாள் என்னிடம் வேலைக்கு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. பாறசாலைக்காரி, நாற்பத்தேழு வயது, காலை பாசஞ்சரில் வந்து மாலை பாசஞ்சரில் போவாள். புருஷன் இல்லை, ஒரே மகள். அவளைப் போல ஒரு பணியாளரை என் வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை. முடி ஏதாவது கிடைத்தால் அவள் மற்றவர்களைப் போலக் குப்பையில் போட மாட்டாள். ஒரு டிஷ்யூ காகிதத்தில் வைத்து, நாலாக மடித்து, என்னிடம் கொண்டு வந்து நீட்டுவாள். "இதா மேடம், கிட்டிச்சு" என்பாள். அவ்வளவுதான் பேச்சு.

மே மாதத்தில் ஒரு நாள் ஓட்டலுக்கு நட்சத்திரம் கொடுக்கிற குழு இரண்டு மணிக்கு வருவதாக இருந்தது. 412ஐத்தான் அவர்களுக்குக் காட்டுவதாக ஏற்பாடு. காலைக் கூட்டத்தில் நான் வழக்கம்போல முடியைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன். எலிசாள் எழுந்து, "எனக்க ரூமுல அது கிடைக்காது மேடம்" என்றாள். பெருமையடித்துச் சொல்லவில்லை, இருக்கிறதைச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குள் சுருக்கென்று தைத்தது. இவளை இன்றைக்கு ஒரு கை பார்க்கிறேன் என்று நினைத்தேன். இப்படி நினைத்தேன் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

பதினொன்றரைக்கு அவள் 412ஐ முடித்தாள். நான் உள்ளே போய், வாஷ் பேசினுக்குக் கீழே ஒரு முடியைப் போட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டேன். ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துக் காகிதத்தில் மடித்துக் கொண்டு வந்தாள். அவள் துண்டுகள் எடுக்கப் போன சமயத்தில் கம்மோடுக்குப் பின்னால் இன்னொன்று போட்டேன். அதையும் எடுத்தாள். இந்த முறை உடனே மடிக்கவில்லை. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு என் பின்னலைப் பார்த்தாள். முடியை டிஷ்யூவில் வைத்து நிதானமாக மடித்து என் கையில் கொடுத்தாள்.

அந்தப் பார்வைதான் என்னை உசுப்பிவிட்டது.

"இன்னும் ஒண்ணு இருக்கு. கண்ணால பார்த்தேன். அது கிடைக்காம வெளியே வராதே" என்றேன்.

மூன்றாவது முடி என்று ஒன்று இல்லை. நான் பிடுங்கவும் இல்லை, போடவும் இல்லை.

அவள் சரி மேடம் என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மருந்து நெடி படுக்கை விரிப்பில் ஏறாமலிருக்கக் கதவைச் சாத்திக்கொண்டுதான் கழுவ வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்ததும் நான்தான். நான் வெளியே வரும்போது கை பழக்கத்தில் பெட்டியிலிருந்து கார்டை உருவிக்கொண்டு வந்துவிட்டேன். அரை நிமிஷத்தில் அங்கே விளக்கு அணைந்திருக்கும், காற்றை வெளியே தள்ளுகிற விசிறியும் நின்றிருக்கும். அப்போது நான் லிஃப்டில் இருந்தேன்.

கரண்ட் போனால் பணியாளர்கள் வெளியே வந்து சொல்வார்கள். எலிசாள் வரவில்லை. கிடைக்காமல் வராதே என்று சொல்லியிருந்தேனே. கைபேசி டார்ச்சைப் போட்டுக்கொண்டு தேடியிருக்கிறாள். ஓர ஓரமாகத் தரையை மறுபடி கழுவியிருக்கிறாள். பழைய டைல்ஸ் கறைக்கு என்று அன்றைக்குத்தான் நான் ஆசிட் வரவழைத்திருந்தேன். ஆசிட் கேனும் வெள்ளை, பிளீச் கேனும் வெள்ளை. இரண்டும் சேரக் கூடாது, சேர்ந்தால் மூச்சை நிறுத்துகிற புகை வரும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இருட்டில் எது எதுவென்று எப்படித் தெரியும்.

ஒன்று பத்துக்கு ஷைஜு போய்ப் பார்த்தபோது அவள் முட்டி போட்டபடியே முன்னால் கவிழ்ந்து, நெற்றி தரையில் பட்டுக் கிடந்தாள். டார்ச் எரிந்துகொண்டிருந்தது. இடது கையில் நாலாக மடித்த டிஷ்யூ ஒன்று இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

விசாரணைக்கு நான்தான் அறிக்கை எழுதினேன். பணியாளர் தன் கவனக்குறைவால் இரண்டு திரவங்களைக் கலந்துவிட்டார் என்று எழுதினேன். கார்டைப் பற்றி எழுதவில்லை. முடியைப் பற்றி எழுதவில்லை. மேலாளர் அஜீஷ் நிம்மதியாக மூச்சு விட்டார். அதோடு நிற்காமல், புதிதாகச் சேருகிறவர்களுக்கு எடுக்கிற பயிற்சி வகுப்பில் அதை ஒரு பாடமாகவும் வைத்தார். அந்தக் குளியலறையின் படம், கீழே எலிசாளின் பெயர், அதற்கும் கீழே 'இப்படிச் செய்யாதீர்கள்' என்று சிவப்பு எழுத்து. ஊரில் மற்ற ஓட்டல்களுக்கும் அதைக் கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

412ஐத் திறந்த மறுநாள் என் மேஜையில் ஒரு டிஷ்யூ இருந்தது.

என் மேஜை கீழ்த்தளத்தில், துணி அலமாரிகளுக்கு நடுவில். மதியம் சாப்பிட்டு வந்தபோது பேனாவுக்குப் பக்கத்தில் இருந்தது. நாலாக மடித்திருந்தது. மடிப்பு ஒவ்வொன்றும் நகத்தால் அழுத்தினது போலக் கூர்மையாக இருந்தது. லேசாக பிளீச் வாசனை. பிரித்தேன். உள்ளே நீளமான முடி ஒன்று, அடியில் சிவப்பு, மேலே நரை.

எவனோ விளையாடுகிறான் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துக் கத்தினேன். ஷைஜு மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாளும் அதே நேரத்தில் ஒன்று வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. அறையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்ப் பார்த்தேன். பூட்டைத் திறந்தால் மேஜையில் இருந்தது.

அந்த வாரத்தில் 412இல் ஆற்றுகால் கோயிலுக்கு வந்த திருநெல்வேலி அம்மாள் ஒருவர் தங்கினார். காலி செய்யும்போது என்னைப் பார்க்க வேண்டும் என்றார். குறை ஒன்றும் இல்லை, அறை ரொம்பச் சுத்தம், இவ்வளவு சுத்தம் நான் எங்கேயும் பார்த்ததில்லை என்றார். என் சீப்பில் இருந்த முடியைக்கூட எடுத்துச் சுத்தம் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மத்தியானம் லேசாக் கண்ணசந்தேன் பாத்துக்கோங்க. யாரோ என் தலையக் கோதுனாங்க. கோதுனாங்கன்னுகூடச் சொல்ல முடியாது. ஒவ்வொரு முடியா எடுத்துப் பாத்து, இது இல்ல இது இல்லன்னு விட்ட மாதிரி இருந்துச்சு."

கனவாக இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

வீட்டில் என் கணவர் வெங்கடகிருஷ்ணன் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்துகிற ஆள் இல்லை. அவரே ஒரு நாள் கேட்டார். "வேணி, என்ன ஆச்சு உனக்கு? பின்னல் எலிவாலாட்டம் ஆயிடுத்தே. டாக்டர்கிட்ட காட்டப்படாதோ?" கண்ணாடியில் பார்த்தேன். வகிட்டுக்குப் பக்கத்தில் விரல் அகலத்துக்குத் தோல் தெரிந்தது. என் தலையணையில் ஒரு முடி இல்லை, சீப்பில் ஒரு முடி இல்லை, குளியலறையில் தண்ணீர் வடிகிற ஜாலியில் ஒரு முடி இல்லை. உதிர்ந்தால் எங்கேயாவது கிடக்க வேண்டும் அல்லவா?

எங்கே போகின்றன என்று எனக்குத் தெரியும். இப்போதெல்லாம் ஒரு காகிதத்துக்குள் ஒரு முடி இல்லை, ஒரு கொத்தே இருந்தது; எல்லாவற்றையும் மேஜை இழுப்பறையில் மடித்து மடித்து வைத்திருந்தேன். குப்பையில் போட எனக்குத் தைரியம் வரவில்லை.

ஜூலை முதல் வாரத்தில் ஷாலு வந்தாள். எலிசாளின் மகள், இருபத்திரண்டு வயது. அம்மாவின் நெற்றி, அம்மாவின் நிதானம். விழிஞ்ஞத்துப் பக்கம் கடற்கரை ஓட்டல் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் பயிற்சிக்குச் சேர்ந்திருப்பதாகச் சொன்னாள். சேர்ந்த இரண்டாம் நாள் வகுப்பில் அந்தப் படத்தைப் போட்டிருக்கிறார்கள். கூட இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். அது தன் அம்மா என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"எனக்க அம்மைக்கு ரெண்டு கேனும் நல்லாத் தெரியும் மேடம். நாலு வருசம் அத வெச்சாக்கும் வேலை செய்தது. நீங்கதான சூப்பர்வைசர். அண்ணைக்கு என்ன நடந்துதுண்ணு எனக்கு மட்டும் செல்லுங்க."

சொல்லியிருக்கலாம். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் என் இருபத்துநாலு வருஷத்தை நினைத்தேன், 'மூக்கு' என்கிற பெயரை நினைத்தேன். பாவம், அவசரத்தில் கவனக்குறைவு, யாருக்கும் நடக்கக்கூடியதுதான் என்றேன். அவள் என்னையே பார்த்தாள். அவள் அம்மா என் பின்னலைப் பார்த்த அதே பார்வை. பிறகு எழுந்து போய்விட்டாள்.

கதவு சாத்திக்கொண்டது.

என் உச்சந்தலையில் குளிர்ந்த விரல் ஒன்று பட்டது. ரப்பர் கையுறையின் ஈரம்.

ஒரு முடியைத் தேர்ந்தெடுத்துச் சுற்றிப் பிடித்தது.

பிடுங்கியது.

குனிந்து பார்த்தபோது மேஜையில் மடித்த டிஷ்யூ இருந்தது. அறை முழுக்க பிளீச் நெடி.

மறுநாள் பன்னிரண்டே காலுக்கு நான் தனியாக 412க்குப் போனேன். பயம் இல்லாமல் போகவில்லை. லிஃப்டில் இரண்டு தடவை கீழே இறங்கிவிட்டு மறுபடி ஏறினேன். உள்ளே போய்த் திரையை மூடினேன். கார்டைச் செருகி, உருவி, கையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அரை நிமிஷம் அவ்வளவு நீளமானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வெளியே மழையும் பஸ் ஹாரனும் கேட்டன. அறை இருண்டது.

கதவுக்கு அடியில் வெளிச்சம் வந்தது. தரையைத் துழாவிக்கொண்டு போனது, திரும்பியது. கூடவே ஒரு சத்தம். ஈர டைல்ஸில் முட்டி தேய்கிற சத்தம்.

"எலிசாள்" என்றேன்.

வெளிச்சம் நின்றது.

"மூணாவது முடி கிடையாது. நான் போடவே இல்லை. பொய் சொன்னேன். கார்டை எடுத்துண்டு போனதும் நான்தான்."

பிறகு கதவின் மறுபக்கத்தில், தரையை ஒட்டி, மூச்சில்லாத ஒரு குரல் வந்தது. அதில் கோபம் இல்லை. வேலை சம்பந்தமாக ஒரு சந்தேகம் கேட்கிற குரல்தான்.

"பின்ன என்னத்தயாக்கும் மேடம் நான் தேடினது?"

போதும், வெளியே வந்துவிடு என்று மட்டும் சொன்னேன். அழுதுகொண்டுதான் சொன்னேன். கதவின் கைப்பிடி மெதுவாகக் கீழே இறங்கியது. அப்படியே நின்றது. திரும்ப மேலே ஏறியது. கதவு திறக்கவில்லை. கிடைக்காமல் வெளியே வராதே என்று சொன்னவள் நான்தானே.

வெளிச்சம் மறுபடி தரையில் நகரத் தொடங்கியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாறசாலைக்குப் போனேன். சர்ச் விட்டு வந்த வெள்ளைச் சேலையோடு ஷாலு கதவைத் திறந்தாள். உட்காரச் சொன்னாள், நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முதல் முடி, இரண்டாவது முடி, இல்லாத மூன்றாவது முடி, கார்டு, இரண்டு வெள்ளைக் கேன், நான் எழுதிய அறிக்கை. எதையும் பூசி மெழுகிச் சொல்லவில்லை. அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தாள். மூடியைத் திறந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே நாலாக மடித்த டிஷ்யூக்கள் அடுக்கடுக்காக இருந்தன. கூர்மையான மடிப்புகள். அந்த வாசனை.

"ஒரு மாசமாட்டு தினமும் மத்தியானம் அம்மைக்க படத்துக்குக் கீழ ஒண்ணு கிடக்கும்" என்றாள். "பிரிச்சுப் பாப்பேன். உள்ள ஒண்ணும் இருக்காது. ஒண்ணுமில்லாதத எதுக்கு மடிச்சு வைக்குதுண்ணு எனக்கு மனசிலாவல்ல."

நான் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் காலி. மகளுக்கு அவள் முதல் நாளிலிருந்தே உண்மையைத்தான் கொண்டு வந்து வைத்திருக்கிறாள். அங்கே ஒன்றும் இல்லை என்கிற உண்மையை.

"இப்பம் மனசிலாச்சு" என்றாள் ஷாலு. பிறகு சொன்னாள், "இத எழுதித் தாங்க."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். ஒரு பிரதி அவளுக்கு, ஒன்று போலீசுக்கு, ஒன்று அஜீஷுக்கு. அஜீஷ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இதெல்லாம் இப்போது எதற்கு மேடம், யாருக்குப் பிரயோஜனம் என்றார். நான் என் கார்டுகளையெல்லாம் அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வழக்கு நடக்கிறது, நடக்கட்டும். அந்தப் படம் வகுப்புகளிலிருந்து போய்விட்டது. விழிஞ்ஞத்து ஓட்டலில் பயிற்சி கொடுக்கிறவர் ஷாலுவிடம் இருந்த பிரதியை எல்லோர் முன்னாலும் படித்தாராம். சிரித்தவர்கள் எழுந்து நின்றார்களாம். அது என் அம்மா என்று ஷாலு அன்றைக்குச் சொல்லியிருக்கிறாள்.

அவளுக்குக் காகிதம் வருவது நான் எழுதிக் கொடுத்த அன்றோடு நின்றுவிட்டது. இரண்டு வாரம் பொறுத்துப் போன் செய்து அவளே சொன்னாள். 412இலும் கதவுக்கு அடியில் இப்போது வெளிச்சம் வருவதில்லை என்று ஷைஜு சொல்கிறான். அவன் அந்த அறைக்குப் பயமில்லாமல் போய் வருகிறான்.

எலிசாள் வெளியே வந்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஆவணியில் நான் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போட்டுக்கொண்டேன். மிச்சம் இருந்ததே ஒரு பிடிதான். தலையில் முண்டுத் துணி போட்டுக்கொண்டு வீட்டோடு இருக்கிறேன். எங்கள் வீட்டுக் குளியலறையில் சோப்புக் கறை படிவதில்லை, ஜாலியில் அழுக்குச் சேர்வதில்லை, மழைக்காலத்திலும் ஓரங்களில் பாசி கட்டுவதில்லை. நான் துடைப்பதில்லை. வேலைக்காரியும் இல்லை.

இன்றைக்கு மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது, வாஷ் பேசின் ஓரத்தில் ஒரு டிஷ்யூ நாலாக மடித்து வைத்திருந்தது. காலியாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டுதான் பிரித்தேன்.

இடுப்பு வரை நீளம், அடியில் மருதாணிச் சிவப்பு, மேலே நரை. வேர் இன்னும் ஈரமாக இருந்தது.